பச்சைப் பென்சில் இல்லாத முதல் நாள்

எங்கள் நாட்டுக்குப் பத்திரிகைச் சுதந்திரம் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்க வேண்டியது, அலுவலகங்களுக்கு விடுமுறை என்பதால் ஒரு நாள் தள்ளிப்போயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

வருவதற்கு முன்பே எங்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றின் குளிர்ந்த அறையில், 'சுதந்திரமாக எழுதுவது எப்படி' என்று பயிலரங்கு. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். ஆளுக்கொரு கோப்பு, பேனா, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை. கடைசி நாளில் நாங்கள் சுதந்திரமாக இயங்கத் தகுதி பெற்றவர்கள் என்று சான்றிதழ். அதை வாங்கும்போது கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நான் ஐந்தாம் பக்கத்தைப் பார்ப்பவள். வானிலை, பேருந்து மாற்றம், குழந்தை வளர்ப்பு, கண்களைப் பாதுகாப்பது எப்படி. வேதியியல் படித்திருந்ததால் மழையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருப்பதாக ஆசிரியர் நம்பினார்.

எங்களுடையது மாலைப் பத்திரிகை. முற்பகலுக்குள் பக்கங்கள் அச்சுக்கூடத்துக்குப் போயாக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தின் நகலும் பச்சை சாரின் மேஜைக்குப் போகும். தகவல் துறை எங்களுக்கென்று அனுப்பிவைத்த தணிக்கை அதிகாரி அவர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. வேண்டாததைப் பச்சைப் பென்சிலால் அடிப்பார். மிச்சம் மீதி இருந்தால் கீழே வலது மூலையில் சுருக்கமாக ஒரு கையெழுத்துப் போடுவார். பார்க்கக் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். அந்தக் குஞ்சு இல்லாத பக்கத்தை அச்சுக்கூட மேஸ்திரி கையால் தொடமாட்டார்.

இந்த ஏற்பாட்டில் அதிகப் பலன் அடைந்தவர் எங்கள் ஆசிரியர்தான். தினமும் ஆட்சியைக் கிழித்துத் தொங்கவிடும் தலையங்கம் ஒன்றை எழுதுவார். பச்சை சார் அதை முழுவதுமாக அடிப்பார். அந்த இடத்தில் என்னுடைய 'கண்களைப் பாதுகாப்பது எப்படி' வரும். அடிபட்ட தலையங்கங்களை ஆசிரியர் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் வரிசையாக மாட்டியிருந்தார். அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு வெளிநாட்டு அமைப்பு அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தது. அவர் எழுதிய ஒரு வரியைக்கூட எந்த வாசகரும் படித்ததில்லை. அதனால் யாரும் குறை சொன்னதுமில்லை. எங்கள் வாசகர்களுக்குக் கண்பார்வை மட்டும் நன்றாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு ஒரு செய்தி அச்சில் வந்தாக வேண்டியிருந்தது. நாட்டுக்காக இல்லை. என் அக்காவுக்காக.

அக்கா நகரத்தின் கிழக்குக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்தாள். கைக்குழந்தை. தாய்ப்பால் போதாமல், பால் பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் புட்டிப்பால். புட்டியைக் குடித்து முடித்ததும் குழந்தையின் உதடு லேசாக நீலம் பாரிக்கும். டாக்டர் குளிர் என்று சொல்லி ஒரு தொப்பி வாங்கிப் போடச் சொன்னார். தொப்பி போட்ட பிறகும் உதடு நீலமாகத்தான் இருந்தது.

நான் அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழியோடு சேர்ந்து சோதித்தேன். நைட்ரேட் லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நூற்று நாற்பது இருந்தது. எங்களுக்கே சந்தேகம் வந்து பக்கத்து வீடுகளின் தண்ணீரையும் பார்த்தோம். அதே கதைதான். பெரியவர்கள் உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். கைக்குழந்தையின் ரத்தத்தில் அது பிராணவாயுவைச் சுமக்கவிடாது. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். காய்ச்சக் காய்ச்ச இன்னும் அதிகமாகும். அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுக்கும் கிணற்றுக்கு மேல்பக்கம் ஓர் உர ஆலையின் கழிவுக் குட்டை இருக்கிறது. அந்த ஆலை தகவல் அமைச்சரின் சம்பந்தியுடையது.

இதை அக்காவிடம் சொன்னேன்.

"காய்ச்சித்தானேடி குடுக்கறேன்? நல்லாக் கொதிக்க வச்சு, ஆத்தி."

"காய்ச்சினா அதிகமாகும்க்கா."

"காய்ச்சினா அதிகமாகுமா? இதைப் படிக்கத்தான் அப்பா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினாரா?"

அத்தான் மாநகராட்சியில் தண்ணீர் வரிப் பிரிவில் வேலை பார்ப்பவர். செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நம்ம தண்ணி போன வருஷம் நாட்டுலயே முதல் பரிசு வாங்கினது. பேப்பர்ல வந்துச்சே, நீ பாக்கலியா?"

பார்த்திருந்தேன். மாநகராட்சி அனுப்பியதை ஐந்தாம் பக்கத்தில் போட்டதே நான்தான்.

"அத்தான், நானே சோதிச்சுப் பார்த்தேன்."

"சரிம்மா. ஆனா அப்படி ஏதாவது இருந்தா பேப்பர்ல வந்திருக்குமே."

"நான் பேப்பர்லதானே வேலை பாக்கறேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ அங்கயே இருக்கே. அப்பவும் வரலைன்னா விஷயம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

எனக்கு எப்போதும் பதில் மாடிப்படி இறங்கும்போதுதான் தோன்றும். அன்று தெருமுனை போன பிறகும் தோன்றவில்லை. கடையில் ஒரு பெரிய கேன் சுத்திகரித்த தண்ணீர் வாங்கி, திரும்ப மூன்று மாடி ஏறிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது கேன் காலி. அத்தான் குடித்துவிட்டிருந்தார்.

"ருசி அருமை" என்றார். குழந்தையின் புட்டிக்குக் குழாய்த் தண்ணீர். காய்ச்சியது.

ஆகவே அச்சில் வர வேண்டும். அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள். என்னை நம்பமாட்டாள். பேப்பரை நம்புவாள்.

சுதந்திரத்தின் முதல் நாள் காலையில் அலுவலகம் துக்க வீடு மாதிரி இருந்தது. ஜன்னலோரத்தில் பச்சை சாரின் நாற்காலி காலி. பழக்கதோஷத்தில் யாரோ அவர் மேஜையில் தேநீர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆடை படிந்து கிடந்தது. நான் செய்தியை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன்.

அவர் முன்னால் வெள்ளைத் தாள். மேலே 'சுதந்திரமே வருக' என்று தலையங்கத்துக்குத் தலைப்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

என் செய்தியை இரண்டு முறை படித்தார்.

"பிரமாதம்மா. இதைப் போன வாரம் குடுத்திருக்கக் கூடாதா?"

"போன வாரம்னா பச்சை சார் அடிச்சிருப்பாரே சார்."

"அதைத்தான் சொல்றேன். அடிச்சிருப்பார். அருமையா சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம். இந்தா, இந்த இடம்கூடக் காலியா இருக்கு பாரு." சுவரைக் காட்டினார். "இப்பப் போட்டா வந்துடுமே."

காய்ச்சல் வந்துவிடும் என்பது போலச் சொன்னார்.

மேஜை இழுப்பறையிலிருந்து புதிய பத்திரிகைச் சட்டத்தின் பிரதியை எடுத்தார். ஒரு பக்கத்தில் அடையாளமாகக் காகிதம் செருகியிருந்தது. எழுதியதற்கு இனி ஆசிரியரே முழுப் பொறுப்பு. பொதுமக்களிடையே பீதி உண்டாக்கும் செய்தியைச் சுதந்திரமாக வெளியிடலாம், பிறகு ஊடக நெறி ஆணையம் சுதந்திரமாக நடவடிக்கை எடுக்கும்.

"முன்னாடி பொறுப்பு அவர்கிட்ட இருந்துச்சு, வீரம் என்கிட்ட இருந்துச்சு. ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த குடும்பம். இப்ப ரெண்டையும் என் தலையில கட்டிட்டாங்க. இது நியாயமா, சொல்லு."

செய்தியை என் பக்கம் நீட்டினார். நான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே நின்றேன். கூச்சம் உள்ளவர்களுக்கு நிற்பது ஒன்றுதான் கைவந்த கலை.

அப்போது அச்சுக்கூட மேஸ்திரி படியேறி வந்தார். கையில் முதல் பக்கத்தின் நகல். நாடாளுமன்றத்தின் படம், புறாக்களின் படம், தகவல் அமைச்சருக்கு நன்றி.

"சார், இதுல கையெழுத்து இல்லை."

"இனிமே கையெழுத்தே கிடையாதுய்யா. தலைப்பைப் படி. தணிக்கை ஒழிஞ்சது."

"படிச்சேன் சார். கையெழுத்து இல்லாம அதை எப்படி நம்பறது?"

"நான் சொல்றேன்யா, ஆசிரியர்."

"நீங்க இதுக்கு முன்னாடியும் நிறையச் சொல்லியிருக்கீங்க, அது எதுவும் அச்சாகலியே சார்." மேஸ்திரி குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். "புள்ளகுட்டிக்காரன். தணிக்கை இல்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதி, அதுல பச்சைக் கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்க. மெஷினை ஓட்டிடறேன்."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அறையில் மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம் என்று பிறகு புரிந்தது.

பக்கங்களையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆசிரியரின் காரில் கிளம்பினோம். வேதியியல் சந்தேகம் கேட்டால் சொல்ல வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். போகும் வழியில்தான் ஓர் அதிசயம் நடந்தது. காலையிலிருந்து ஒரு வரி எழுத முடியாதவர், கார் பச்சை சார் வீட்டுத் தெருவில் திரும்புவதற்குள் மடியில் தாளை வைத்து முழுத் தலையங்கத்தையும் எழுதி முடித்தார். அடிக்க ஆள் இருக்கிறார் என்றதும் பேனா மடை திறந்தது. சர்வாதிகாரிகளே என்று ஆரம்பித்திருந்தார்.

பச்சை சாரின் மனைவிதான் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. பத்திரிகைக்காரர்களைப் பார்த்து யாரும் அப்படி நிம்மதி அடைந்து நான் கண்டதில்லை.

"வாங்க, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. காலையிலேர்ந்து உயிரை வாங்கறார். மளிகைச் சீட்டுல பாதியை அடிச்சுட்டார். என் தம்பிகிட்ட போன்ல பேசிட்டிருக்கேன், நடுவுல வந்து 'அந்த விஷயம் வேண்டாம்'ங்கறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் பகல்ல வீட்ல இருந்ததில்லை. இப்பத்தான் தெரியுது, நீங்கள்லாம் எப்படிப் பொறுத்துக்கிட்டீங்களோ."

பச்சை சார் உள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகும் சட்டையைத்தான் போட்டிருந்தார். சட்டைப் பையைப் பொத்தான் போட்டு மூடியிருந்தார். பென்சில் இல்லை.

"எனக்கு இப்ப எந்த அதிகாரமும் இல்லை சார்" என்றார் ஆசிரியரிடம். "நான் சும்மா வீட்ல உக்காந்திருக்கிற ஆளு."

"அதிகாரியா வேண்டாம். ஒரு நண்பரா பாருங்க."

"நண்பரா பாத்துப் பழக்கமில்லியே" என்றார். ஆனால் அவர் கை சட்டைப் பையைத் தடவியது. பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அது என்கிட்டதான் இருக்கு" என்றார் அந்த அம்மா. "தரேன். ஆனா ஒரு நிபந்தனை. இனிமே அது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. அங்கயே வச்சுட்டு வரணும்."

சமையலறை டப்பா ஒன்றிலிருந்து பச்சைப் பென்சில் வந்தது.

முதலில் தலையங்கம். பச்சை சார் படிக்கவே இல்லை. மேலிருந்து கீழே குறுக்காக ஒரே கோடு. ஆசிரியர் முகத்தில் ரத்தம் திரும்பியது. தாளை வாங்கி மடிப்பு விழாமல் கோப்பில் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்தில் அமைச்சருக்குச் சொன்ன நன்றியில் ஒன்றைக் குறைத்தார். "ரெண்டு தடவை சொன்னா கேலி மாதிரி இருக்கும்."

பிறகு ஐந்தாம் பக்கத்துக்கான என் செய்தி.

"நைட்ரேட்னா என்னம்மா?"

சொன்னேன். உதட்டு நீலம், ரத்தம், காய்ச்சினால் என்ன ஆகும், எல்லாம். அந்த அலுவலகத்தில் சேர்ந்த பிறகு நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அந்த அம்மா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பென்சில் முனை ஆலை பற்றிய பத்திக்கு வந்து நின்றது.

"இது சம்பந்தியோட ஆலைதானே?"

"ஆமா சார்."

"நீ பயப்படாத ரகமா, இல்ல விஷயம் தெரியாத ரகமா?"

"பயப்படற ரகம்தான் சார்."

ஆசிரியர் இருமினார். பச்சை சார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுல ஒரே ஒரு வரிதான் நிக்கணும்னா, எது நிக்கணும்?"

ஆலை பற்றிய பத்தியைத்தான் நான் அதிகக் கவனத்தோடு எழுதியிருந்தேன். குட்டைக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம், மண் வகை, மழைக்குப் பின் அளவு எப்படி ஏறும் என்பது. கல்லூரியில் எழுதிய எதைவிடவும் நன்றாக வந்திருந்தது. கண்ணுக்கு முன்னால் அந்தத் தொப்பி போட்ட தலை வந்தது.

"காய்ச்சினாலும் குழந்தைக்குக் குடுக்கக் கூடாதுங்கறது."

"சரி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஆலை போயிற்று. கிணறு போயிற்று. நூற்று நாற்பது போயிற்று. தலைப்பை அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதினார்: 'மாநகரக் குடிநீர் பெரியவர்களுக்கு மிகவும் ஏற்றது: ஆய்வில் தகவல்'.

'மிகவும்' என்பதை நான் சோதிக்கவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"தலைப்பு ஆபீசர் படிக்கறதுக்கும்மா. அவங்க அதுக்குக் கீழ போகமாட்டாங்க. இருபது வருஷமா நான் போனதில்லையே. கைக்குழந்தை வச்சிருக்கிறவ கடைசி வரிவரைக்கும் படிப்பா."

தலைப்புக்குக் கீழே இப்படி இருந்தது: தாய்மார்கள் மீது மாநகராட்சி கொண்டுள்ள அக்கறையால், கைக்குழந்தைகளின் பால்புட்டிக்கு மட்டும் கிழக்குக் குடியிருப்புக் குழாய் நீரைக் காய்ச்சினாலும் பயன்படுத்த வேண்டாம். உதட்டில் நீலம் தெரிந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகவும். அந்த இரண்டு வாக்கியங்களையும் தடித்த எழுத்தில் போடச் சொல்லி ஓரத்தில் குறித்தார். மூலையில் கோழிக்குஞ்சை வரைந்தார். அதிகாரம் எதுவும் இல்லாத கோழிக்குஞ்சு. அச்சுக்கூடத்தில் மேஸ்திரி அதைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. மெஷின் ஓடியது.

மாலையில் அக்கா போன் செய்தாள்.

"பேப்பர் பாத்தியாடி?"

"என்னக்கா?"

"அஞ்சாம் பக்கம். நம்ம ஏரியாத் தண்ணியைக் காய்ச்சினாக்கூடக் கொழந்தைக்குக் குடுக்கக் கூடாதாம். உதட்டுல நீலம்னு அப்படியே நம்ம கொழந்தையைப் பாத்து எழுதின மாதிரி எழுதியிருக்கான். அத்தான் ஆட்டோ பிடிச்சுட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போய்ட்டிருக்கோம். ஏண்டி, பேப்பர்ல வேலை பாக்கறேன்னு பேருதானா? இதையெல்லாம் படிச்சு எங்கிட்ட சொல்லமாட்டியா?"

"இனிமே சொல்றேன்க்கா."

ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள். தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. உதடு உதடாக இருந்தது. இனி வீட்டில் கேன் தண்ணீரைப் பெரியவர்கள் யாரும் தொடக்கூடாது என்று அத்தான் உத்தரவு போட்டிருந்தார். அவருக்குக் குழாய்த் தண்ணீர்தான். "நமக்கு மிகவும் ஏற்றதாம், போட்டிருக்கான்ல."

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆனா நல்லா இருந்த தண்ணி ஏன் இப்படி ஆச்சுன்னு போடலியே?"

"உர ஆலைக் குட்டைதான்க்கா காரணம். கிணத்துக்கு மேல்பக்கம் இருக்கு."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"ம்." என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பேப்பர்ல வரட்டும், பாக்கலாம்."

ஜன்னலோர நாற்காலி இரண்டு நாள்கூடக் காலியாக இருக்கவில்லை. எங்கள் நிறுவனமே பச்சை சாரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது. பதவியின் பெயர் சுதந்திர ஆலோசகர். தணிக்கையாளரை வேலையை விட்டு அனுப்பாமல் மறுவாழ்வு கொடுத்த முதல் பத்திரிகை என்று ஊடக நெறி ஆணையம் எங்களைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. ஆசிரியர் அதற்கும் சட்டம் போட்டார். 'சர்வாதிகாரிகளே' பக்கத்தில் மாட்டினார்.

அதை மாட்டிய மறுநாள் காலை, அடிபட்ட பத்தியைத் தனிச் செய்தியாக எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பச்சை சாரின் மேஜையில் வைத்தேன். குட்டை, கிணறு, தூரம், மண், நூற்று நாற்பது, சம்பந்தி. அவர் படித்தார். பென்சிலை எடுத்துக் கூராகச் சீவினார். தேநீரைத் தள்ளிவைத்தார்.

"இதுல எந்த வரிம்மா நிக்கணும்?"

"எல்லாமே சார்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.